வாக்கிங் போகவே தெம்பு இல்லை, எடை எப்படிக் குறையும்?

செக்காலைவாசி | மார்கழி 5, இரவு 11:52

வயது 41. உயரம் 157 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க நாற்காலிதான்.

எடையைக் குறைக்கலாம் என்று ஒன்றரை மாதமாக முயற்சி செய்கிறேன். காலைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன், ஒரு டம்ளர் காபி மட்டும். 11 மணிக்கு டீ. மதியம் அரைத்தட்டுச் சோறு, கையோடு ஒரு டீ. 4 மணிக்கும் 6 மணிக்கும் இன்னும் இரண்டு. ராத்திரி இரண்டு துண்டு பப்பாளி. முதலில் இரண்டு கிலோ குறைந்தது, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது.

நடை என்று பார்த்தால் விடியக்காலையில் ஊருணியைச் சுற்றுகிறேன். இரண்டாவது சுற்றிலேயே நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கால் வாழைத்தண்டு மாதிரி துவளுகிறது, படித்துறையில் உட்கார்ந்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்தால் நேராக ஆத்தங்குடிக் கல் தரையில் படுத்துக்கொள்கிறேன். சில்லென்று இருக்கிறது, எழுந்திருக்க மனசே வருவதில்லை. என்னைவிட இருபது வயது மூத்த ஆச்சிமார்கள் பேசிக்கொண்டே ஆறு சுற்று முடிக்கிறார்கள்.

உடற்பயிற்சிக்குத் தெம்பு வர என்ன சாப்பிடலாம்? தெரிந்த ஒருவர் ஏதோ பவுடர் சொல்கிறார், டப்பா 2,400 ரூபாயாம். வாங்கலாமா?

ஜிம்தம்பி | மார்கழி 6, காலை 7:15

அக்கா, அது ப்ரீ-வொர்க்அவுட்டாக இருக்கும். நான் ஒரு வருடமாக எடுக்கிறேன். ஒரு ஸ்கூப் தண்ணீரில் கலந்து குடித்து அரைமணி கழித்து இறங்கினால் சும்மா பறக்கலாம். தாராளமாக வாங்குங்கள்.

லேப்அக்கா | மார்கழி 6, மதியம் 2:30

தங்கச்சி, பவுடர் வாங்காதே. முதலில் நீ இந்தக் கேள்வியைப் போட்ட நேரத்தைப் பார். ராத்திரி 11:52. விடியக்காலை ஊருணி என்கிறாய். அப்படியானால் தூக்கம் எத்தனை மணி? ஐந்தா? பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கம் குறைந்தால் உடம்பு சோர்வதோடு பசியும் கூடும், அதிலும் இனிப்புக்குத்தான் நாக்கு அலையும். இது ஒன்று.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். நான் தேவகோட்டைப் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடமாக ரத்தம் எடுக்கிறேன். இரண்டு சுற்றில் படபடப்பு, கால் துவளுதல், தரையில் படுத்தால் எழுந்திருக்க முடியாத அலுப்பு என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பேன். உள்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்துக் கிடந்தால் ரிசல்ட் வருவதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும். இதை வைத்து நீயே முடிவு கட்டிவிடாதே, ரத்தம் கொடுத்துப் பார்ப்பதுதான் சரி.

பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தச்சோகை. இது அரிதான சமாசாரம் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தச்சோகை இருந்தது. பாதிக்கு மேல்! ஆனால் நம் வீடுகளில் அதற்குப் பேர் "அவளுக்குச் சோம்பல்".

ஹீமோகுளோபின்தான் ஆக்சிஜனைத் தசைக்குக் கொண்டுபோகிறது. அது குறைந்தால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். அந்தப் படபடப்பு அதுவாக இருக்கலாம். இந்த நிலையில் பவுடரைக் குடித்து வண்டியை முறுக்கு முறுக்கு என்று முறுக்கினால் என்ன ஆகும்?

முழு ரத்த அணுப் பரிசோதனை, ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பாக இருக்கிற இரும்பைக் காட்டுவது), தைராய்டுக்கு டி.எஸ்.எச்., சர்க்கரை, முடிந்தால் வைட்டமின் பி12. இவ்வளவும் பார்த்துவிட்டு டாக்டரிடம் போ. செலவு யோசித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்ப்பார்கள், இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம்.

இன்னொன்று, மாதவிலக்கு எப்படி? அதிகமாகப் போகிறதா? சபையில் சொல்லப் பிடிக்காவிட்டால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்.

சிங்கப்பூர்ரிட்டன் | மார்கழி 6, மாலை 5:05

நாலு டீ, ஒரு காபி, அரைத்தட்டுச் சோறு. இதில் நடக்கிறார்களா? எனக்குப் படிக்கும்போதே தலை சுற்றுகிறது.

வளவுநடையர் | மார்கழி 6, மாலை 6:20

எனக்கு வயது 71. கானாடுகாத்தான். ஊருணிக்கரையில் நாய்த் தொல்லை, அதனால் நான் வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன். நம் பக்கத்துப் பழைய வீடுகள்தான் தெரியுமே, முன்வாசல் ஒரு தெருவில் என்றால் பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் ஆரம்பித்து, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்கதவைத் தொட்டுத் திரும்பினால் என் கணக்கில் 140 அடி வைப்பு. ஒவ்வொரு நடைக்கும் ஒரு புளியங்கொட்டையை இடது ஜோப்பிலிருந்து வலது ஜோப்புக்கு மாற்றுவேன். இருபது கொட்டை தீர்ந்தால் நடை முடிந்தது.

ஆத்தா, ஆரம்பத்தில் எனக்கு ஐந்து கொட்டைதான் முடிந்தது. காலையில் ஐந்து, சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து ஐந்து, சாயங்காலம் ஐந்து என்று பிரித்துக்கொண்டேன். சாப்பிட்டபின் நடந்தால் சர்க்கரையும் அவ்வளவாக ஏறுவதில்லை என்று மீட்டரில் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஒரே மூச்சில் ஆறு சுற்று சுற்றி யாருக்குக் காட்ட வேண்டும்?

ஜிம்தம்பி | மார்கழி 6, இரவு 9:10

லேப் அக்கா சொன்னதும் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு ஸ்கூப்பில் 300 மில்லிகிராம் காபீன், காபியில் இருக்கிற அதே ஊக்கிதான். நாளுக்கு 400-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். நான் மாலை 7 மணிக்கு ஒரு ஸ்கூப், அதற்கு முன்னால் கடையில் இரண்டு காபி. உடம்பில் அது பாதி இறங்கவே ஐந்து மணி நேரம் ஆகுமாம். ராத்திரி இரண்டு மணி வரை ஃபோன் பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஃபோன் மட்டும் காரணம் இல்லை போல.

சரி, பவுடரை விடுங்கள் அக்கா, வாபஸ். ஆனால் ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நடை மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும், உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொல்கிறது: வாரம் 150 நிமிடமாவது நடை மாதிரி மிதமான பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. ஜிம்முக்கு வர வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருப்பது பத்து தடவை. சுவரில் கை வைத்துத் தண்டால் பத்து. பட்டினி கிடந்து எடை குறைத்தால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். தசை போனால் தெம்பும் போச்சு.

பலகாரக்கடை | மார்கழி 7, காலை 10:40

கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போடுகிறவள் நான். எடை குறைப்பு இழையில் எனக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். (இழை என்றதும் எனக்குப் பிள்ளையார் நோன்பில் மாவில் வைத்து ஏற்றுகிற இழைதான் ஞாபகம் வருகிறது. மாவு இடித்து வைத்தாயிற்றா எல்லாரும்?)

மூன்று நாளைக்கு ஒருவராவது வந்து கேட்கிறார்கள், "ஆச்சி, கவுனி அரிசி உடம்பு குறைக்குமாமே?" என்று. கறுப்புக் கவுனி நல்ல அரிசிதான். தவிடு போகாதது, நார்ச்சத்து உண்டு, அந்தக் கருஞ்சிவப்பு நிறத்திலும் சத்து இருக்கிறது. ராத்திரியே ஊறப்போட்டால்தான் வேகும். ஆனால் நாம் அதைச் செய்கிற விதம் என்ன? வேகவைத்து, சர்க்கரை கொட்டி, தேங்காய் துருவிப் போட்டு, நெய்யை ஊற்றிக் கிளறுகிறோம். அரிசி எந்த நிறமாக இருந்தாலும் மாவுச்சத்து மாவுச்சத்துதான். கும்மாயமும் அப்படியே. உளுந்தும் பாசிப்பருப்பும் இருக்கிறது என்று பெருமை பேசிக்கொண்டே கருப்பட்டியையும் நெய்யையும் மறந்துவிடுகிறோம். வேண்டுமானால் கவுனியைக் கஞ்சியாகக் காய்ச்சி, உப்பும் மோரும் விட்டுக் குடியுங்கள். என் வீட்டுக்காரருக்கு அதுதான்.

எண்ணெய் விஷயம் சொல்கிறேன். வெள்ளைப் பணியாரத்துக்கு எண்ணெய் சரியான சூட்டில் இருந்தால் ஊற்றிய மாவு அப்படியே மேலே எழும்பி வரும், ஓரம் மடிந்து நடுவில் உப்பும். சூடு ஒரு பிடி குறைந்தால் போதும், அடியிலேயே கிடந்து எண்ணெயைக் குடித்துவிடும். தட்டில் வைத்தால் காகிதம் நனையும். அந்த மாதிரி நாலு தின்றால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயாவது உள்ளே போயிருக்கும். என் மகள் கணக்குப் போட்டுச் சொன்னாள்: ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. 74 கிலோ உடம்பு அரைமணி நடந்தாலும் ஏறக்குறைய 130 கலோரிதான் செலவாகுமாம். நடையை வைத்துப் பணியாரத்தை ஜெயிக்க முடியாது. பணியாரத்தைக் குறைத்தால் நடைக்குப் பயன் தெரியும். என் தொழிலுக்கு விரோதமாகத்தான் சொல்கிறேன்.

அதற்காகக் காலைச் சாப்பாட்டை நிறுத்துவதா? இரண்டு இட்லி, ஒரு முட்டை, இல்லாவிட்டால் ஒரு கிண்ணம் பாசிப்பயறுச் சுண்டல். காபியில் சர்க்கரையைப் பாதியாக்கு. நாள் முழுக்கப் பட்டினி கிடந்து ஆறு மணி டீயோடு கடையில் பிஸ்கட் தின்னவில்லை என்று கையடித்துச் சொல்வாயா?

செக்காலைவாசி | மார்கழி 7, மதியம் 1:15

கையடிக்க மாட்டேன் ஆச்சி. தினம் அரைப் பாக்கெட்.

ஒரத்தநாட்டு மாப்பிள்ளை | மார்கழி 7, இரவு 8:30

மாமனார் ஊர் பள்ளத்தூர், அதனால் இந்தச் செட்டிநாட்டுக் குழுவில் எழுத எனக்கும் உரிமை உண்டு. எனக்குச் சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை. வெறும் வயிற்றில் நடந்தால் கொழுப்பு வேகமாகக் கரையும் என்று ஒரு வீடியோவில் பார்த்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடந்தேன். முந்தாநாள் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, ஒரு பெட்டிக்கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் இனிப்புச் சோடா கொடுத்தார். பயந்து போனேன்.

லேப்அக்கா | மார்கழி 7, இரவு 9:00

நல்ல வேளை, இனிப்புச் சோடாவாகக் கொடுத்தார். கிளிமிபிரைடு, இன்சுலின் இரண்டும் சர்க்கரையை ரொம்பக் கீழே இறக்கிவிடக்கூடியவை. வெறும் வயிற்று நடை உங்களுக்குக் கூடாது. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, கால் மணி கழித்துத் திரும்பப் பாருங்கள். ஜோப்பில் நாலு குளுக்கோஸ் மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். மாத்திரை நேரத்தை மாற்றுவது உங்கள் டாக்டர் வேலை, இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். வீடியோக்காரருக்குச் சர்க்கரை இல்லை, அவர் பாட்டுக்குச் சொல்வார்.

பாதயாத்திரைக்காரன் | மார்கழி 8, அதிகாலை 4:20

இருபத்திரண்டு தைப்பூசம் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்திருக்கிறேன். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழி. காவடியோடு நகரத்தார் போகிற நடை, நானூறு வருடப் பழக்கம் என்பார்கள். அதனால் தெம்பைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். முதல் நாள் உற்சாகத்தில் முன்னால் ஓடுவார்கள், இரண்டாம் நாள் கொப்புளம், மூன்றாம் நாள் பஸ். என் பெரியப்பா எனக்குச் சொன்ன அளவு ஒன்றுதான்: பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டு நடக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. பாட முடிந்தால் மெதுவாகப் போகிறாய், பேச முடியாவிட்டால் வேகமாகப் போகிறாய். அந்த ஆறு சுற்று ஆச்சிமார்கள் பேசிக்கொண்டே நடப்பது அதனால்தான். அவர்கள் சரியாக நடக்கிறார்கள், தங்கச்சி.

நான் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டதும் இரண்டு கிலோமீட்டரில் ஆரம்பிப்பேன். வாரா வாரம் கொஞ்சம் கூட்டுவேன். வருடா வருடம் போகிறவன்தானே என்று நேராகப் பத்தில் ஆரம்பிப்பதில்லை.

கிளம்புவதற்கு அரைமணி முன்னால் ஒரு வாழைப்பழம், ஒரு சொம்புத் தண்ணீர். அவ்வளவுதான். வழியில் பானகம் தருவார்கள், நாள் பூரா நடக்கிறவனுக்கு அது சரி. ஊருணியை அரைமணி சுற்றிவிட்டு ஒரு சொம்பு பானகம் குடித்தால் நடந்ததெல்லாம் வெல்லத்தோடு திரும்பி வந்துவிடும். உங்களுக்கு உப்புப் போட்ட நீர்மோர் போதும். மார்கழியில் தெரியாது, பங்குனி பிறக்கட்டும், நம் ஊர் வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் நடப்பவன் பைத்தியக்காரன்.

நிர்வாகி | மார்கழி 9

"15 நாளில் தொப்பை கரையும்" மூலிகைப் பொடி விளம்பரம் போட்டவரின் மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. நாலாவது வந்தால் ஆளையே நீக்குவோம்.

லேப்அக்கா | மார்கழி 9, மாலை 4:45

நன்றி நிர்வாகி. சிபுட்ரமின் என்று ஒரு மருந்து, பசியை அடக்குவதற்குத் தந்தார்கள். மாரடைப்பு, பக்கவாத அபாயம் என்று 2011-இல் இந்தியாவிலும் தடை செய்துவிட்டார்கள். "முழுக்க மூலிகை" என்று விற்ற மெலியும் பொடி, மாத்திரைகளில் சொல்லாமல் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டது. குடித்த அன்றே பசி மறந்து தூக்கமும் போய்விட்டால் மூலிகையின் மகிமை என்று நினைக்க வேண்டாம்.

செக்காலைவாசி | மார்கழி 14, இரவு 9:20

9:20 தான் லேப் அக்கா, பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிசல்ட் வந்தது. ஹீமோகுளோபின் 9.2. ஃபெரிட்டின் 6. தைராய்டும் சர்க்கரையும் சரியாக இருக்கின்றன. டாக்டர் ஃபெரிட்டினைப் பார்த்துவிட்டு, "பெட்டகம் காலியாக இருக்கிறதம்மா, எதை வைத்து நடந்தீர்கள்?" என்று கேட்டார். மாதவிலக்கைப் பற்றி நான் வாய் திறக்கவே கால் மணி ஆனது. இரண்டு வருடமாகவே அதிகம், எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஸ்கேனில் கர்ப்பப்பையில் சின்னக் கட்டி தெரிகிறது, பயப்படும்படி இல்லை, வைத்தியம் தொடங்கியாயிற்று. இரும்பு மாத்திரையும் எழுதியிருக்கிறார். ரத்தம் ஏறும்வரை மெதுவாக மட்டும் நடக்கச் சொன்னார்.

பேரீச்சம்பழம் தின்றால் மாத்திரை வேண்டாமா என்று அம்மா கேட்கிறார்கள்.

லேப்அக்கா | மார்கழி 14, இரவு 9:45

100 கிராம் பேரீச்சையில் இரும்பு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். உனக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29. பெட்டி பெட்டியாகத் தின்றால் எடைதான் ஏறும். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போடு. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் அதன் பக்கத்தில் வரக்கூடாது, டாக்டர் சொன்ன இடைவெளி விடு. சாப்பாட்டோடு டீ குடிப்பாயே, அது சோற்றில் இருக்கிற இரும்பையும் கட்டிப்போட்டுவிடும். இனி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. மலச்சிக்கல் வந்தால் மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் கேள். அசைவம் உண்டென்றால் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) ஈரலும் வாரம் ஒரு நாள், நம் பாட்டிமார் பிரசவம் ஆனவளுக்குச் செய்து கொடுத்தது சும்மா இல்லை. முருங்கைக்கீரையில் இருக்கிற இரும்பு லேசில் உடம்பில் ஒட்டாது, கூட நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் பரவாயில்லை.

ஹீமோகுளோபின் 12 தொட்டதும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதே. பெட்டகம் நிரம்ப அதற்கப்புறமும் சில மாதம் ஆகும்.

சிங்கப்பூர்ரிட்டன் | மார்கழி 15, காலை 8:00

இந்த இழையைப் படித்துவிட்டு வீட்டுக்காரியின் கண் இமையை இழுத்துப் பார்த்தேன். "என்ன புதுசாக?" என்று கேட்டு அடிக்க வந்தாள். ஆனால் வெளுப்பாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை ரத்தம் கொடுக்கப் போகிறோம்.

செக்காலைவாசி | மாசி 3, இரவு 8:50

யாராவது இன்னும் இங்கே இருக்கிறீர்களா?

ஹீமோகுளோபின் 11.1. காலையில் இட்லி, முட்டை. டீ இரண்டாகக் குறைந்தது, பிஸ்கட் பாக்கெட் வாரத்துக்கு ஒன்று (பொய் சொல்ல மாட்டேன், முழுசாக நிற்கவில்லை). பத்தரைக்கெல்லாம் விளக்கை அணைத்துவிடுகிறேன். வளவு ஐயா சொன்ன புளியங்கொட்டையைத்தான் நானும் பிடித்துக்கொண்டேன், ஆனால் ஊருணிச் சுற்றுக்கு. நாலு கொட்டை, பேசிக்கொண்டே. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிற பயிற்சியைக் கடையிலேயே செய்கிறேன், பில் போடுகிற பெண்கள் சிரிக்கிறார்கள். அதில் இருவர் இப்போது சேர்ந்துகொண்டார்கள்.

எடை 72.6. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் ஒரு கிலோவும் கொஞ்சமும். முன்பானால் அழுதிருப்பேன். ஆனால் போன வெள்ளிக்கிழமை குன்றக்குடி மலைக்கோயில் படியில் ஒரே ஒரு இடத்தில்தான் நின்றேன், அதுவும் செருப்பு வார் அறுந்ததால்.

2,400 ரூபாய் மிச்சம் இருக்கிறது. நடைக்கு ஷூ வாங்கலாமா?

பாதயாத்திரைக்காரன் | மாசி 4, அதிகாலை 4:15

வாங்கு. ஆனால் சாயங்காலம் போய் வாங்கு, அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு சரியாக வரும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

பலகாரக்கடை | மாசி 4, காலை 9:30

ஷூ போட்டுக்கொண்டு ஒரு நாள் என் வீட்டுப் பக்கம் நடந்து வா. சனிக்கிழமை பணியார ஆர்டர் இருக்கிறது, இரண்டு எடுத்து வைக்கிறேன். இரண்டுதான்.

வளவுநடையர் | மாசி 4, காலை 10:05

ஊருணியில் நாய்கள் எப்படி இருக்கின்றன? அதைச் சொல்லவே இல்லையே ஆத்தா.